கூட்டுக்குள் மாறிய மாப்பிள்ளைகள்

தேவராசாவுக்குக் கோபம் வந்தால் பகிடி வரும். பருத்தித்துறை பஸ்ஸில் கண்டக்டராக நின்ற காலத்திலும் அப்படித்தான். மிதிபலகையில் தொங்குகிறவன் உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், "தம்பி, வெளியிலை வாறவைக்கு நான் ரிக்கற் அடிக்கிறேல்லை" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். அவனுக்கோ உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். இன்றைக்கு விடிந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. எவ்வளவு கொதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, இராசநாயகம் முதலாளி வீட்டிலை இண்டைக்கு ரெண்டு அலுவலாம். பழைய மருமேளை அனுப்பிறது ஒண்டு, புது மருமேளைப் பேசி முடிக்கிறது மற்றது. ஒரு கேத்தில் தேத்தண்ணியோடை ரெண்டையும் முடிச்சுப்போடுவம் எண்டு பார்க்கிறார்."

பக்கத்தில் இருந்த அருந்ததி சிரிக்கவில்லை. மொறிஸ் மைனர் கார் பனிச்சங்கலட்டி ஒழுங்கையில் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. மடியில் இருந்த வாளியைப் பிடித்தபடி, "றோட்டைப் பார்" என்றாள்.

அருந்ததி ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் படிப்பித்தவள். இப்போது தொழில் கலியாண விசாரணை. லண்டன் மாப்பிள்ளை உண்மையிலேயே என்ன வேலை செய்கிறான், கொழும்பில் அவனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்ல எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஆள் தேவைப்படாத வீடு இல்லை. பஸ் ஓடாத தெருக்கள் கூடிப்போனதால் வேலை போன தேவராசா அவளுக்குச் சாரதி, உதவியாள், தேவையானபோது பொய் சொல்கிறவன், எல்லாமும்தான்.

ஆனால் இந்த வழக்கு அப்படி வந்ததல்ல. மார்கழியில் ஒரு நாள் பத்மாசினி அவளைத் தேடி வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"நான் வேறை ஒருத்தரையும் விசாரிக்கச் சொல்லி வரேல்லை ரீச்சர். என்னை விசாரியுங்கோ. என்னிலை பிழை இருக்கோ எண்டு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ."

அவளுடைய சீதன வீடு பலாலிப் பக்கம். ஆமிக்காம்ப் அகல அகல அங்கே இருக்க முடியாமல், புருசன் கனகசபாபதியோடு மாமனார் இராசநாயகத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்து இது மூன்றாவது பங்குனி. பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டினாள். டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "உம்மிலை ஒரு குறையும் இல்லை, புருசனைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். அதைக் கேட்டு இராசநாயகம் குதித்த குதி! "என்ரை பெடியனைப் பரிசோதிக்கிறதோ? அவன் ஆம்பிளையடி!" அதோடு கதை முடிந்தது. சுன்னாகத்தில் பயிர்மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர் ஆம்பிளை என்று சொல்லிவிட்டால் பிறகு டொக்டர் எதற்கு? பங்குனிக்குள் அவள் பருத்தித்துறையில் தமையன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். சாவகச்சேரிப் பக்கத்தில் வேறு பெண் பார்த்தாயிற்று. நாசமறுந்த நியாயம்!

அருந்ததி அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் மனிதர் முகம் ஒன்றையும் பார்க்கவில்லை. கிணற்றைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று மலேரியாக்காரர் விட்ட கப்பி மீன்கள் அதில் இருந்தன. கப்பியில் பெண் பெரிது, சாம்பல் நிறம். ஆண் சின்னது, ஆனால் வாலில் செம்மஞ்சளும் நீலமுமாகத் திருவிழா நடக்கும். அந்தக் கிணற்றில் திருவிழா இல்லை. சின்ன மீனும் சாம்பல், பெரிய மீனும் சாம்பல். குஞ்சு ஒன்றும் கண்ணில் படவில்லை.

"தண்ணியிலை ஏதோ இருக்கு தேவராசா," என்றாள் திரும்பி வரும்போது. "சாகடிக்கிற விசமில்லை. சாகடிச்சால் ஊர் அண்டைக்கே கண்டுபிடிச்சிடும். இது உடம்புக்குள்ளை போய் ஓமோன் மாதிரி வேசம் போடுற விசம். மீன் உயிரோடை நீந்தும், தின்னும். ஆனால் ஆண் ஆணாய் இராது."

தைப்பொங்கல் கழிய மூன்று கிணறுகளில் மூன்று கூடுகள் இறக்கினார்கள். கம்பிச் சட்டத்தில் நுளம்பு வலை சுற்றிய கூடு, உள்ளே ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் பாசி. ஒவ்வொன்றிலும் அருந்ததி தன் வீட்டுச் சீமெந்துத் தொட்டிகளில் வளர்த்த கப்பிகள்: ஆண் ஐந்து, பெண் ஐந்து. ஆணையும் பெண்ணையும் குஞ்சிலேயே பிரித்து வேறு வேறு தொட்டியில் வளர்த்திருந்தாள். "ஆணுக்கு மாப்பிள்ளை எண்டும் பெண்ணுக்குப் பொம்பிளை எண்டும் பேர் வைப்பம் அக்கா. எங்கடை தொழிலுக்குப் பொருத்தம்" என்றான் தேவராசா. ஒரு கூடு பிள்ளையார் கோயில் கிணற்றில். ஒன்று பக்கத்து வளவுத் தோட்டக்காரர் தம்பிஐயாவின் கிணற்றில். மற்றது இராசநாயகத்தின் வீட்டுக் கிணற்றில்.

இராசநாயகம் தடுக்கவில்லை. "வையுங்கோ, வையுங்கோ. என்ரை தண்ணியிலை ஏதும் இருந்தால் உவன் தம்பிஐயா மிளகாய்க்கு அடிக்கிற மருந்தாய்த்தான் இருக்கும்" என்று வேலிக்கு அப்பால் கேட்கக் கத்தினார். அவருடைய கடையில் வாங்கிய மருந்தைத்தான் தம்பிஐயா அடித்தார் என்பது வேறு கதை.

"ஆண் மீனின்ரை நிறத்தைப் பார்த்தால் காணும். நிறம் போன கிணறுதான் கள்ளன்" என்று அருந்ததி தேவராசாவுக்குச் சொல்லியிருந்தாள். தேவராசா அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சுன்னாகம் சந்தை, சந்தித் தேத்தண்ணிக் கடை, சலூன் இவை தவிர.

இன்று கூடு தூக்கும் நாள்.

கோயில் கிணற்றில் வேலை கெதியாக முடிந்தது. கூட்டை வெள்ளைப் பேசினுக்குள் கவிழ்த்ததும் ஐந்து மாப்பிள்ளைகளும் செம்மஞ்சள் வாலை விரித்துக்கொண்டு பெண்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பாசியை உதறினால் ஊசி முனையளவு குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டின.

"அட கடவுளே, கோயில் கிணத்துக்குள்ளை என்னடா சீவியம் நடக்குது!" என்றான் தேவராசா.

தம்பிஐயா படலையிலேயே மறித்துக்கொண்டு நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ரீச்சர், நான் மருந்தடிக்கிறனான். ஒளிக்கேல்லை. அடிக்காட்டி மிளகாயிலை ஒரு காய் மிஞ்சாது. ஆனால் அந்தாள் ஊர் முழுக்க என்னைக் குடும்பம் கெடுத்தவன் எண்டு கதைச்சுக்கொண்டு திரியுது. இண்டைக்கு உங்கடை மீன் என்னைப் பிடிச்சுக் குடுத்தால், நான் தோட்டத்தை விட்டுப்போட்டுப் போறன். பிடிச்சுக் குடுக்காட்டி அந்தாள் என்ரை படலைக்கு வந்து மன்னிப்புக் கேட்கோணும். ஓமோ இல்லையோ?"

"முதலிலை கூட்டைத் தூக்குவம் அண்ணை."

தூக்கினார்கள். நிறம் இருந்தது. கோயில் கிணறு போல இல்லை, குஞ்சும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் இருந்தது. இரண்டு பெண்கள் வயிறு தள்ளிக்கொண்டு வேறு நின்றன. அருந்ததி, "மருந்தைக் குறையுங்கோ அண்ணை. ஆனால் நான் தேடுறது இஞ்சை இல்லை" என்றாள். தம்பிஐயா மேலில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு புறப்பட்டார். அவருடைய கிணறு உவர். தோட்டத்துக்குத்தான் சரி. குடிக்கத் தண்ணீர் அள்ளுவது இராசநாயகத்தின் கிணற்றில். சண்டை வேறு, தண்ணீர் வேறு.

அப்படியென்றால் மிச்சம் ஒரே ஒரு கிணறு. தேவராசாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இராசநாயகத்தின் முகம் போகிற போக்கை இப்போதே மனதில் போட்டுப் பார்த்துக்கொண்டு போனான்.

போனால், இராசநாயகம் கிணற்றடியில் கதிரை போட்டுச் சபை கூட்டி வைத்திருந்தார்! நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்துக் கதிரையில் சாவகச்சேரிப் பெண்ணின் தாய்மாமன் மார்க்கண்டு, வெள்ளை வேட்டி சால்வையோடு. கிணற்றுக் கட்டில் சாய்ந்தபடி கனகசபாபதி, வாயில் நாக்கு இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டிய மனிதன். குசினி வாசலில் பத்மாசினி. அவள் காலடியில் கட்டி வைத்த உடுப்புப் பை.

"வாங்கோ ரீச்சர், வாங்கோ. சாட்சிக்கு ஆக்களும் இருக்கினம். எல்லாருக்கும் முன்னாலை தூக்குங்கோ."

தேவராசா கதிரைகளை எண்ணிப் பார்த்தான். பிழை செய்தவன் சாட்சிக்குக் கதிரை போடுவானா?

கயிற்றை இழுத்தான். கூடு மேலே வந்தது. பேசினில் கவிழ்த்தான்.

ஐந்து மாப்பிள்ளைகள். ஐந்தும் பளபளவென்று வாலை விசிறிக்கொண்டு!

"பாருங்கோ, பாருங்கோ மார்க்கண்டர்!" இராசநாயகம் கதிரையை விட்டு எழும்பினார். "நிறம் போகுமாம், ஆண் ஆணாய் இராதாம்! ஊரெல்லாம் பறையடிச்சுக்கொண்டு திரிஞ்சினம். என்ரை தண்ணி தீர்த்தம் மாதிரி. தண்ணியிலை பிழை இல்லையெண்டால் பிழை எங்கை எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

மார்க்கண்டு சங்கடத்தோடு சால்வையைச் சரிசெய்தார். பத்மாசினி குனிந்து பையின் காதைப் பிடித்தாள். அழவில்லை. அதைப் பார்க்கத்தான் தேவராசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக ஊரெல்லாம் வாயடித்த வாய், இப்போது ஒரு பகிடிகூட வராமல் காய்ந்து போய்க் கிடந்தது. அருந்ததியைப் பார்த்தான். அவள் பேசினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, சந்தையில் மீன் வாங்க வந்தவள் மாதிரி ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், மாப்பிள்ளையள் வடிவாத்தான் இருக்கினம்," என்றாள். "தேவராசா, அந்தப் பாசியை வடிவாய் உதறு."

உதறினான். இன்னும் உதறினான். தண்ணீர் சொட்டியது, வேறொன்றும் விழவில்லை.

"என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு குஞ்சுகூட இல்லை."

"பெண் மீனுக்கு வயிறு?"

"ஒட்டிப்போய்க் கிடக்கு."

இராசநாயகம் பெரிதாகச் சிரித்தார். "அப்ப உங்கடை பெண் மீனும் மலடுதான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்!"

குசினி வாசலில் பையின் காதைப் பிடித்திருந்த கை இறுகியது. அருந்ததி எழுந்து நின்றாள். அவளோடு இத்தனை காலம் திரிந்தும் அப்படி ஒரு முகத்தைத் தேவராசா கண்டதில்லை.

"ஒரே தொட்டியிலை வளர்ந்த பெண் மீனைத்தான் மூண்டாய்ப் பிரிச்சு மூண்டு கிணத்திலையும் விட்டனான் முதலாளி. மற்ற ரெண்டிடத்திலையும் குஞ்சு போட்டிருக்கு. இஞ்சை மட்டும் அஞ்சும் ஒண்டாய் மலடாகுமோ? இவ்வளவு வடிவான அஞ்சு மாப்பிள்ளையளோடை தை மாசத்திலையிருந்து குடும்பம் நடத்தியும் ஒருத்திக்கும் வயித்திலை பிள்ளை தங்கேல்லையெண்டால், ஒண்டுதான் அர்த்தம். பொம்பிளையள் தை மாசம் வந்தவை. மாப்பிள்ளையள் நேற்றைக்குத்தான் வந்தவை."

அருந்ததி பேசினைக் கையால் காட்டினாள்.

"என்ரை தொட்டி மீன் எனக்குத் தெரியாதோ? என்ரை ஆண் மீன் எல்லாத்துக்கும் வால் செம்மஞ்சள். இது நீல வால். கோயில் கேணியிலை இருக்கிற சாதி."

"அப்ப அதுவும் உவன்ரை வேலைதான்!" இராசநாயகம் தம்பிஐயாவைக் கையால் சுட்டிக் காட்டினார். "ராவிலை வேலி பாய்ஞ்சு மாத்தியிருக்கிறான்!"

தேவராசாவுக்கு வாய் திரும்பி வந்தது. "முதலாளி, உங்களோடை கோபக்காரன் வேலி பாய்ஞ்சு வந்து உங்கடை கிணத்தை நல்ல கிணறாக்கிப்போட்டுப் போவானோ? அப்பிடி ஒரு எதிரி எனக்கும் ஒருத்தன் வேணும். எங்கை விக்கிறாங்கள்?"

"இன்னொண்டையும் யோசியுங்கோ," என்றாள் அருந்ததி. "மாத்தினவர் ஏன் ஆணை மட்டும் மாத்தினவர்? ஆணின்ரை நிறத்தை மட்டும்தான் பார்ப்பம் எண்டு அவர் நம்பினவர். அதை ஆர் சொன்னது? என்ரை தேவராசா சொன்னவன். தேத்தண்ணிக் கடையிலை, சந்தையிலை, சலூனிலை. குஞ்சைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏனெண்டால் நான் அவனுக்கே சொல்லேல்லை."

தேவராசா வாயைப் பிளந்தான். "அக்கா! அப்ப என்னை..."

"உன்ரை வாயை நம்பித்தான் இந்த வழக்கையே எடுத்தனான்."

அவனுக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். ஏனென்றால் அருந்ததி இப்போது இராசநாயகத்துக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.

"முதலாளி, இந்தத் தண்ணி ஆணைக் கெடுக்கும் எண்டு நீங்கள் நம்பினபடியால்தானே ஆணை மாத்தினனீங்கள்? மீனிலை ஆணை மாத்த வேணுமெண்டு தெரிஞ்ச உங்களுக்கு, வீட்டிலை ஏன் பெண்ணை மாத்தப் பார்த்தனீங்கள்?"

இராசநாயகம் கையை உதறினார். "விசர்க்கதை! நான் மாத்தினதை ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

சொன்னது கனகசபாபதி. வாயில் நாக்கு இருந்திருக்கிறது!

"நேற்று விடியக் கோயிலாலை வரேக்கை உங்கடை கையிலை ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்தது. கேட்டன், தீர்த்தம் எண்டனீங்கள். பிறகு பார்த்தால் கிணத்தடியிலை கோழியள் சின்ன மீனைக் கொத்திக்கொண்டு நிண்டுதுகள். பூனை கொண்டந்து போட்டதாக்கும் எண்டு நினைச்சுப்போட்டு விட்டிட்டன் அப்பா. அது பூனையில்லை."

"டேய், பொத்தடா வாயை!"

"இவ்வளவு காலமும் பொத்திக்கொண்டுதானே இருந்தன்."

தம்பிஐயா குடத்தை மெல்லக் கீழே வைத்தார். "பொறுங்கோ. அப்ப இந்தத் தண்ணியிலை என்ன கிடக்கு? என்ரை வீட்டிலை எல்லாரும் குடிக்கிறது இதைத்தான். ரீச்சர், என்ன கிடக்கு?"

"அது மீனுக்குத் தெரியாது அண்ணை. ஏதோ கிடக்கு எண்டு மட்டும்தான் அது சொல்லும். ஆனால் உங்கடை கிணத்திலை இல்லாமல் இஞ்சை மட்டும் இருக்கெண்டால், அது இந்த வளவுக்குள்ளையிருந்துதான் வருது. கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஒரு குழிக்குள்ளை போட்டது மற்றக் கிணத்துக்கு வர ஒரு சின்ன வெடிப்பே காணும்."

கனகசபாபதி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, முந்தி எங்கடை கடையிலை ஒரு மருந்து பீப்பா பீப்பாயாய்க் கிடந்தது. அதை அரசாங்கம் தடை செய்து, வைச்சிருந்தால் கடைக்குப் பூட்டு எண்டு சொன்ன கையோடை ஒண்டும் மிச்சமில்லாமல் போயிட்டுது. எங்கை அதெல்லாம்?"

"அதோ? அதைக் கொழும்புக் கொம்பனிக்கே திருப்பி அனுப்பிப்போட்டன். லொறியிலை ஏத்தி விட்டனான்."

"எப்ப?" என்றான் தேவராசா.

"எப்பவெண்டால்... அந்தப் பழங்கிணறு மூடினதுக்கு முந்தின கிழமை. நல்லாய் ஞாபகம் இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வளவு மூலையில் பழைய கிணறு ஒன்று இருந்ததும், புதுக்கிணறு வெட்டிய பிறகு அது சும்மா கிடந்ததும், ஒரு நாள் அதைக் கொங்கிறீற் போட்டு மூடியதும் ஊருக்குத் தெரிந்த விசயம். மூடிக்கு மேலே இப்போது விறகு அடுக்கியிருந்தது. தேவராசா போய் விறகைத் தள்ளி விழுத்தினான். ஈரச் சீமெந்தில் மேசன் விரலால் எழுதி வைத்த திகதி அடியில் கிடந்தது. மேசன்மாருக்கு அது ஒரு பழக்கம், தங்கள் வேலைக்கு ஒரு அடையாளம். தேவராசா குனிந்து கையால் தூசு தட்டினான். பிறகு பஸ்ஸில் இறங்குமிடம் கூவுகிற குரலில் வாசித்தான்.

"அஞ்சு, எட்டு, எண்பத்திமூண்டு!"

நிமிர்ந்தான். இப்போது அவன் முகத்தில் பகிடி ஒரு துளியும் இல்லை.

"முந்தின கிழமையெண்டால் யூலைக் கடைசிக் கிழமை. எண்பத்திமூண்டு யூலைக் கடைசி. அந்தக் கிழமை கலவரத்திலை கொழும்பு எரிஞ்சுகொண்டிருந்தது முதலாளி. எங்கடை சனம் உடுத்த உடுப்போடை கப்பலேறி வந்து காங்கேசன்துறையிலை இறங்கினது. நான் பஸ்ஸிலை நிண்டு ஏத்தினனான். ஒருத்தரிட்டையும் காசு வாங்கேல்லை. இஞ்சையிருந்து ஒரு சைக்கிள்கூடக் கொழும்புப் பக்கம் போகாத கிழமையிலை, மருந்துப் பீப்பாயை ஏத்தி லொறி அனுப்பினது நீங்கள் ஒருத்தர்தான்!"

மார்க்கண்டு கதிரையை விட்டு எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "இராசநாயகம் அண்ணை, நான் வெளிக்கிடுறன். என்ரை மருமேளுக்கு வேறை இடம் பார்க்கலாம். குடிக்கத் தண்ணி இருக்கிற இடமாய்ப் பார்க்கிறன்." யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

இராசநாயகம் மூலைக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய் மூடிக்கு மேலே சப்பாணி கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

"இது என்ரை வளவு! என்ரை கிணறு! ஒருத்தரும் இதைத் தொடேலாது! வெளியிலை தெரிஞ்சால் கடைக்குப் பூட்டு, குடும்பத்துக்கே அவமானம். பத்மா, நீ எங்கையும் போக வேண்டாம் பிள்ளை. ஆரும் உன்னைப் போகச் சொல்லேல்லை. பையை உள்ளை கொண்டுபோய் வை. எல்லாத்தையும் வீட்டுக்குள்ளை கதைச்சு முடிப்பம்."

பத்மாசினி குசினி வாசலிலிருந்து இறங்கி வந்தாள். பையைக் கையில் எடுக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. அவள் மாமனாரைப் பார்த்துப் பேசவில்லை. முதலில் அருந்ததியைத்தான் கேட்டாள்.

"ரீச்சர், இந்தத் தண்ணியாலைதான் எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனது எண்டு சொல்லுறியளோ?"

"இல்லைப் பிள்ளை. மீனுக்கு என்ன செய்தது எண்டுதான் என்னாலை சொல்லேலும். மனிசருக்கு என்ன செய்தது எண்டதை டொக்டர்தான் பார்த்துச் சொல்லோணும். உம்மைப் பார்த்திட்டினம். இனிப் பார்க்காத ஆளைப் பார்க்கோணும்."

பத்மாசினி புருசன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசமாய் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னை மலடி எண்டு சொல்லி, விளக்கேத்தாதை எண்டு தள்ளி வைச்சவை. நீங்கள் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனீங்கள். இப்ப நான் கேட்கிறன். நாளைக்கு என்னோடை ஆஸ்பத்திரிக்கு வாறியளோ இல்லையோ? இல்லையெண்டால் இப்பவே பையோடை போறன். உங்கடை அப்பா அனுப்பியில்லை, நானாய்ப் போறன்."

கனகசபாபதி தகப்பனைப் பார்த்தான். பத்மாசினியைப் பார்த்தான்.

"வாறன்," என்றான்.

"சத்தமாய்ச் சொல்லுங்கோ."

"வாறன்! உன்னோடை வாறன்!"

"அப்ப முதலிலை அந்தக் கிணத்தைத் திறவுங்கோ. இனி ஒரு வீடும் இந்தத் தண்ணியைக் குடிக்கப்பிடாது."

கனகசபாபதி கொட்டிலுக்குள் போனான். வரும்போது கையில் நீள இரும்பு அலவாங்கு இருந்தது. மூடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, எழும்புங்கோ" என்றான்.

"மாட்டன். என்னைச் சாக்காட்டிப்போட்டுத் திற!"

இரண்டாம் முறை அவன் கேட்கவில்லை. தகப்பன் இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, மூடியின் விளிம்பில் ஓங்கிக் குத்தினான். சீமெந்து சிதறியது. தம்பிஐயா ஓடி வந்து, "விடு தம்பி, மாறி மாறிக் குத்துவம்" என்றார். ஆளுக்கு ஆள் மாறிக் குத்தினார்கள். இராசநாயகம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தார். அந்தப் பிடிவாதத்தில் பாதியை மருமகளுக்காகக் காட்டியிருந்தால் மனிதரைக் கும்பிட்டிருக்கலாம்.

விளிம்பில் ஒரு துண்டு உடைந்து உள்ளே விழுந்தது. கீழே தகரத்தில் மோதும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மணம் வந்தது. மண்ணெண்ணெயும் அழுகலும் கலந்தது மாதிரி, மூக்கைக் கடந்து நேரே தொண்டையைப் பிடிக்கிற மணம். தேவராசாவுக்குக் குமட்டியது. தம்பிஐயா துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

எல்லோருக்கும் முதல் எழும்பி ஓடியவர் இராசநாயகம். சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு, இருமி இருமி, படலையை நோக்கி ஓடினார்.

பத்மாசினி வழியில் வந்து மறித்து நின்றாள்.

"ஏன் மாமா மூக்கைப் பொத்துறியள்?" என்றாள். "நாங்கள் குடிச்சது மாமா."